30 மணி நேரம் இலவசம் என்றால் பில் எப்படி ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது?

4 செப்டம்பர் 2025

ஹாரோவில் இருந்து ஒரு அப்பா கேட்டது: "பத்து மாதக் குழந்தை. நாங்கள் இரண்டு பேரும் முழுநேர வேலை. செப்டம்பர் முதல் நர்சரியில் வாரம் 30 மணி நேரம் இலவசம் என்று அரசு தரும் தகுதி எண்ணை, அதாவது கோட், எடுத்துக் கொடுத்தாயிற்று. இருந்தும் நர்சரியின் முதல் பில் ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. அரசாங்கம் பொய் சொல்கிறதா, நர்சரி ஏமாற்றுகிறதா?"

நான் வடமேற்கு லண்டனில் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறேன். பாதி நாள் குழந்தைகள் அறையில், பாதி நாள் ஆபீசில். கோட் சரிபார்ப்பது, கவுன்சிலுக்குக் கணக்கு அனுப்புவது, பில் போடுவது எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவும்கூட.

கணக்கைப் பாருங்கள். வாரம் 30 மணி நேரம் என்பது பள்ளிக்கூடம் நடக்கிற 38 வாரங்களுக்குத்தான். வருடத்துக்கு 1,140 மணி நேரம். நர்சரி 51 வாரம் திறந்திருந்தால் அந்த 1,140-ஐ வருடம் முழுக்கப் பரப்பிக் கொடுப்பார்கள், வாரத்துக்கு 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். நீங்கள் காலை 8 முதல் மாலை 6 வரை ஐந்து நாளும் விடுகிறீர்கள் என்றால் வாரம் 50, வருடம் 2,550 மணி நேரம். அரசு தருவது அதில் பாதிகூட இல்லை. மீதி 1,410 மணி நேரம் உங்கள் பொறுப்பு. மணிக்கு 9 பவுண்டு என்று வைத்தாலே வருடத்துக்கு 12,690, மாதத்துக்கு 1,057. சாப்பாடு, நாப்பி, வைப்ஸ் எல்லாம் தனி.

ஆக உங்கள் பில் கணக்குப்படி சரியாகவே இருக்கலாம். பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் அரசு கணக்கில், எத்தனை உங்கள் கணக்கில், சாப்பாட்டுக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு. 2025-ல் வந்த அரசு வழிகாட்டுதலே பில்லை அப்படித்தான் போடச் சொல்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 30 என்று எல்லா மேடையிலும் சொல்கிறவர்கள் 38 என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த எண்ணை நம்பி வேலைக்குத் திரும்பும் தேதியைக் குறித்துவிட்டு, முதல் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பெற்றோரை ஒவ்வொரு டெர்மிலும் பார்க்கிறேன்.

4 செப்டம்பர், இரவு

ஒன்று விட்டுப்போனது. டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கு திறந்தீர்களா? அதே ஆன்லைன் விண்ணப்பம்தான். நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு போடும். மூன்று மாதத்துக்கு ஒரு குழந்தைக்கு 500 பவுண்டு வரை, உடல்குறை உள்ள குழந்தைக்கு 1,000 வரை. மேலே போட்ட கணக்கில் மாதம் 1,057 என்றால் அந்த 500 உச்சவரம்பை நீங்கள் முட்டிவிடுவீர்கள், அதாவது மாதம் சுமார் 167 மிச்சம். 890 பக்கம் வந்து நிற்கும். அதுவும் பெரிய தொகைதான், இருந்தாலும் விடாதீர்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் மட்டும் இதில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாக வாங்க முடியாது. 30 மணி நேரத்தை எதனோடும் சேர்த்து வாங்கலாம்.

6 செப்டம்பர்

யாருக்குக் கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தைப் பற்றித்தான் சொல்கிறேன், வேல்ஸ், ஸ்காட்லாந்து விதிகள் வேறு.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் வாரம் 15 மணி நேரம் உண்டு. பெற்றோர் வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். இது 2010-ல் இருந்து இருக்கிறது. 2017 செப்டம்பரில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு அதே வயதில் இன்னொரு 15 சேர்த்து 30 ஆக்கினார்கள். பிறகு 2023 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் பெரிய விரிவாக்கத்தை அறிவித்தார். 2024 ஏப்ரலில் இரண்டு வயதுக்காரர்களுக்கு 15, அதே செப்டம்பரில் ஒன்பது மாதத்தில் இருந்தே 15, இந்த செப்டம்பரில் அது 30. நடுவில் ஆட்சி மாறியும் புது அரசாங்கம் இதை நிறுத்தவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

வேலை பார்க்கும் பெற்றோர் என்றால் இரண்டு பேருமே, தனியாக வளர்ப்பவர் என்றால் அவர் ஒருவர், வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாகச் சம்பாதிக்க வேண்டும். 2025-26-ல் அது மணிக்கு 12.21, வாரம் சுமார் 195 பவுண்டு. வாராவாரம் அந்தத் தொகை வர வேண்டியதில்லை, அடுத்த மூன்று மாதச் சராசரியைப் பார்ப்பார்கள். ஷிஃப்ட் ஏறி இறங்கும், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். சொந்தத் தொழில் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் அந்தக் குறைந்தபட்ச வரம்பே கிடையாது.

மேல் வரம்பு, ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்டு. ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை. கணவனும் மனைவியும் தலைக்கு 99,000 வாங்கினால் முழு 30 மணி நேரமும் உண்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு அம்மா 1,01,000 வாங்கினால் வேலைக்கான மணி நேரம் ஒன்றுகூட இல்லை. இதை வகுத்தவர்கள் வீட்டு வருமானத்தை ஏன் பார்க்கவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை ஏற்கத்தக்க பதில் கிடைக்கவில்லை.

7 செப்டம்பர்

"உங்களுக்கு எப்படி இருந்தது அக்கா" என்று கேட்ட தங்கைக்கு.

எனக்கு இரண்டு விதமாகவும் இருந்தது. மூத்தவள் 2018-ல் பிறந்தபோது கணவருக்கு வேலை வீசா, எனக்கு அதன் டிபென்டன்ட் வீசா. நானும் இங்கே ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்தேன், வரி கட்டினேன், நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகக் காப்பீடும் கட்டினேன். ஆனால் எங்கள் இருவர் வீசாவிலும் "அரசு நிதி கிடையாது" என்ற நிபந்தனை இருந்தது, அதாவது அரசு உதவிகளைக் கேட்க முடியாது. லீவு முடிந்து திரும்பலாம் என்று நர்சரிக் கட்டணம் கேட்டால் என் கைச் சம்பளத்தை விட அதிகம். மாமியார் விசிட் வீசாவில் வந்து ஆறு மாதம் பார்த்துக்கொண்டார், அவர் போனதும் அம்மா வந்தார், அவரும் திரும்பியதும் நான் வேலையை விட்டேன். ஊரில் பி.காம். படித்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்து, இங்கேயும் வேலை பிடித்தவள். மூத்தவளுக்கு மூன்று வயதாகி எல்லாருக்கும் கிடைக்கும் அந்த 15 மணி நேரம் வந்த பிறகுதான் குழந்தைப் பராமரிப்புப் படிப்பில் சேர முடிந்தது.

சின்னவன் 2023-ல் பிறப்பதற்குள் எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டது. அவன் 2024 செப்டம்பரிலேயே 15 மணி நேரத்தோடு நர்சரிக்குப் போனான், நான் வேலைக்குப் போனேன். அதே வீடு, அதே அம்மா அப்பா. மாறியது வீசாவும், திட்டம் தொடங்கும் வயதும்தான். அதனால்தான் இந்தத் திட்டத்தைத் திட்டவும் எனக்கு மனம் வருவதில்லை, அப்படியே விடவும் மனம் வருவதில்லை.

13 செப்டம்பர்

"வரி கட்டுகிறவர்கள் பணத்தில் வீசாவில் வந்தவர் பிள்ளைக்கு ஏன் தர வேண்டும்" என்று கீழே எழுதியிருக்கிறார் ஒருவர். தமிழரே எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

வேலை வீசாவில் இருப்பவர் வருமான வரி கட்டுகிறார். நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டுகிறார். அதற்கு மேல், மருத்துவ, கேர் வேலை வீசாவில் இல்லாதவர் என்றால், சுகாதாரக் கட்டணம் என்று பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776, பல வருடத்துக்கும் சேர்த்து முன்பணமாகக் கட்டுகிறார். அப்புறம் அவர் யாருடைய பணத்தைக் கேட்கிறார்?

எங்கள் தெருவில் ஒரு பெண், கேர் ஹோமில் வேலை. 2024 மார்ச்சுக்கு முன்பே வந்தவர் என்பதால் கணவரும் குழந்தையும் கூட இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த கேர் வேலைக்காரர்கள் குடும்பத்தைக் கூட்டி வரவே முடியாது. இவர் காலை ஷிஃப்ட், கணவர் வேர்ஹவுஸில் இரவு ஷிஃப்ட். கணவர் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது இவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். இரவு முழுக்கப் பெட்டி தூக்கியவர் பகல் முழுக்க ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்க்கிறார். எப்போது தூங்குகிறார் என்று கேட்டால், குழந்தை தூங்கும்போது என்றார். இந்த நாட்டு முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுக்கும் பெண்ணின் குழந்தைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே சம்பாதிக்கும் வீட்டுக்கு 1,140 மணி நேரம். இதைச் சரி என்று எனக்கு யாராவது விளக்க முடியுமா?

ஐந்து வருடம் பொறுத்தால் நிரந்தர உரிமை வரும், அப்போது வாங்கிக்கொள்ளட்டும் என்பீர்கள். ஐந்து வருடத்தில் குழந்தை பள்ளிக்கூடமே போய்விடும். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாகப் பத்து வருடமாக்கலாம் என்ற யோசனையை வேறு வைத்திருக்கிறது.

14 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் பயந்துபோய்க் கேட்டார், மூன்று வயதுக் குழந்தைக்கு 15 மணி நேரம் வாங்குகிறோமே, வீசாவுக்கு ஆபத்தா என்று. ஆபத்து இல்லை. மூன்று, நான்கு வயதின் அந்தப் பொது 15 மணி நேரம் அரசு நிதிப் பட்டியலில் இல்லை, பள்ளிக்கூடக் கல்வியைப் போலத்தான் அதுவும். எந்த வீசாவில் இருந்தாலும் குழந்தைக்கு உண்டு, கோட் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழோ எடுத்துக்கொண்டு நேராக நர்சரிக்குப் போங்கள். பயந்துகொண்டு இதை வாங்காமல் இருக்கும் தமிழ் வீடுகள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. தயவுசெய்து சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

வேலை பார்ப்பவர்களுக்கான மணி நேரத்துக்கு, அப்பா அம்மா இருவரில் ஒருவருக்காவது அரசு நிதி பெறும் உரிமை இருந்தால் போதும். இருவருக்கும் இருக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒருவர் பிரிட்டிஷ் குடிமகன், மற்றவர் வீசா என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள்.

27 செப்டம்பர்

கவுன்சிலுக்குக் கணக்கு அனுப்பும் வாரம் இது, அதனால் இத்தனை நாள் எழுதவில்லை. ஹெட்கவுண்ட் என்போம். ஒவ்வொரு குழந்தையின் 11 இலக்கக் கோட், பெற்றோரின் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், பிறந்த தேதி மூன்றும் திரையில் ஒத்துப்போக வேண்டும். ஒரு அம்மா செப்டம்பர் 3-ம் தேதி எடுத்த கோடோடு வந்தார். ஆகஸ்ட் 31-க்குள் எடுத்திருந்தால்தான் இந்த டெர்முக்கு ஆகும். மூன்று நாள் தாண்டியதற்கு ஜனவரி வரை முழுக்கட்டணம். அவர் என் எதிரே நின்று போனில் தேதியைக் காட்டிக்கொண்டே இருந்தார், நான் என் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். வேறு என்ன செய்ய. இரண்டு மாதக் குழந்தையோடும் ஒன்றரை வயதுக் குழந்தையோடும் வீட்டில் இருந்தவர் அவர். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு கோட் வரும்வரை ஒரு வாரம் பொறுக்கும் ஏற்பாடு இதற்கு வேண்டாமா?

நர்சரிகள் கொள்ளையடிக்கின்றன என்று எழுதியவர்களுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2025-26-ல் அரசு கவுன்சில்களுக்குத் தரும் தொகை தேசியச் சராசரியாக மணிக்கு, இரண்டு வயதுக்குக் கீழே 11.54 பவுண்டு, இரண்டு வயதுக்கு 8.53, மூன்று நான்கு வயதுக்கு 6.12. அதில் 96 சதவீதத்தைக் கவுன்சில் நர்சரிகளுக்குத் தர வேண்டும். கைக்குழந்தைக்கான தொகை பரவாயில்லை, மறுக்கவில்லை. மூன்று வயதுக்கான தொகைதான் பல வருடமாகச் செலவுக்குப் போதாமல் அடிக்கிறது. முன்பெல்லாம் சின்னக் குழந்தைகளின் பெற்றோர் கட்டும் முழுக்கட்டணத்தில் இருந்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். இப்போது அவர்களும் அரசுக் கணக்குக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கு முந்தைய வயதில் விற்கும் மணி நேரங்களில் ஐந்தில் நான்கு பங்கு அரசு வைத்த விலையில் நடக்கப்போகிறது. நிரப்ப இடம் எங்கே? சாப்பாட்டுக் கட்டணத்தில், நாப்பிக் கட்டணத்தில். இதற்கு மேல் ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியும் ஏறியது, முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸும் 15 சதவீதம் ஆனது. இரண்டும் சேர்ந்து ஒரே மாதத்தில் வந்தது.

நர்சரி ஊழியர்களின் சம்பளத்தையும் கூட்ட வேண்டும் என்கிறேன். அதற்குக் காரணம் ஒரு குழந்தை. பதினோரு மாதம், தமிழ் வீட்டுப் பையன். வீட்டில் அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டித் தூங்கவைத்துப் பழக்கம். இங்கே தட்டையான மெத்தையில், மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், அது பாதுகாப்பு விதி, அதில் சமரசம் கிடையாது. முதல் வாரம் அவன் தூங்கவே இல்லை. கண் சொருகும், தலை சாயும், மெத்தையில் முதுகு பட்டதும் இரண்டு கையையும் மேலே தூக்கி அழுவான். பக்கத்தில் உட்கார்ந்து மார்பில் ஒரு கையை வைத்து, மெத்தையின் ஓரத்தை மறுகையால் லேசாக அசைத்துக்கொண்டே இருந்தேன், தூளி ஆடும் வேகத்தில். மெள்ள மெள்ளப் பழகினான். இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒரு ஆள் என்ற விதி இருப்பதால்தான் எனக்கு அவன் பக்கத்தில் உட்கார நேரம் இருந்தது. இரண்டு வயது அறையில் நான்குக்கு ஒருவர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்துக்கு ஒருவர் என்று தளர்த்திவிட்டார்கள். பணம் பற்றாக்குறை என்றதும் முதலில் கை வைப்பது இந்த எண்ணில்தான்.

28 செப்டம்பர்

பெற்றோர் கவனத்துக்கு: சாப்பாடு, நாப்பி, வெளியே கூட்டிப் போவது எல்லாவற்றுக்கும் நர்சரி காசு கேட்கலாம், ஆனால் அதைக் கட்டினால்தான் இலவச மணி நேரம் என்று நிபந்தனை வைக்கக் கூடாது. வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிடுகிறேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நர்சரியில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். எங்கள் வருமானக் குறையைத் தீர்க்க வேண்டியது அரசாங்கம், உங்கள் பிள்ளையின் டிபன் பாக்ஸ் இல்லை.

5 அக்டோபர்

இரவு டியூட்டி பார்க்கும் அரசு மருத்துவமனை (என்.எச்.எஸ்.) நர்ஸ் ஒருவர் பகலில் குழந்தையை நர்சரியில் விட்டுத் தூங்குகிறார், இது மோசடி இல்லையா என்று ஒரு பின்னூட்டம். மோசடி இல்லை. அரசு மணி நேரத்தைக் காலை 6 முதல் இரவு 8 வரை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மணி நேரம் வாங்கலாம். அந்த நேரத்தில் அம்மா என்ன செய்கிறாள் என்று எந்த விதியும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தவள் தூங்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அடுத்த இரவு ஊசி போடப் போனால் நோயாளிக்கு நல்லதா? இரவில் குழந்தையை விட இடமே இல்லை என்பதுதான் உண்மையான ஓட்டை. எங்கள் பக்கத்தில் எட்டு மணிக்கு முன்னால் கதவைத் திறக்கும் நர்சரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஏழு மணி ஷிஃப்ட்காரர்கள், தன் வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

18 அக்டோபர்

சைல்ட்மைண்டர் என்றதும் ஒரு தம்பி கேட்டார், மாமியாரை சைல்ட்மைண்டராகப் பதிவு செய்து அந்தப் பணத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று. பதிவு பெற்ற சைல்ட்மைண்டரிடம் அரசு மணி நேரத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் சொந்தக்காரக் குழந்தைக்கு அவர் அந்த நிதியை வாங்க முடியாது. மாமியார் விசிட் வீசாவில் வந்திருந்தால் பதிவு என்ற பேச்சே வேண்டாம், அவர் வேலை பார்க்கவே கூடாது. பேரனைப் பார்க்க வந்த இடத்தில் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை, அதை வேலையாக்கக் கூடாது.

தாத்தா பாட்டி இருக்கும்போது நர்சரி எதற்கு என்று அவரே எழுதியிருந்தார். நானும் முதல் பிள்ளைக்கு அப்படித்தான் ஓட்டினேன். அறுபத்தைந்து வயதில், குளிர்காலத்தில், பழக்கமில்லாத ஊரில், பேச ஆள் இல்லாமல் நாள் முழுக்க ஒரு வயதுக் குழந்தையின் பின்னால் ஓடுவது என் மாமியாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்க நேரமில்லாமல் இருந்தேன். முட்டி வலிக்கு மருந்து பூசிக்கொண்டே படி ஏறுவார். அவர் வந்தது அன்புக்காக. இங்கே குழந்தையை விட வேறு இடம் இருந்திருந்தால் அந்த ஆறு மாதத்தில் பாதியையாவது பேத்தியோடு நிம்மதியாக உட்கார்ந்து கழித்திருப்பார்.

19 அக்டோபர்

"ஊரில் அங்கன்வாடியில் யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை" என்று மதுரைக்காரர் ஒருவர். சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். 1975-ல் தொடங்கிய திட்டம் அது. குழந்தை வந்தால் சேர்த்துக்கொள்வார்கள், சாப்பாடும் உண்டு. சீக்கிரமே மூடிவிடுவதால் மாலை வரை வேலை பார்க்கும் அம்மாவுக்கு உதவாது, கைக்குழந்தையையும் விட முடியாது, அதை மறுக்க முடியாது. ஆனால் குழந்தையைப் பார்த்து இடம் தருவதும், அப்பா அம்மாவின் சம்பளத்தைப் பார்த்து இடம் தருவதும் ரொம்பவே வேறு. ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்டில் இருந்து மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் அதே 1,140 மணி நேரம். அப்பாவுக்கு என்ன வேலை, அம்மாவுக்கு என்ன வீசா என்று கேட்பதில்லை. கிளாஸ்கோவில் கேர் ஹோம் வேலைக்காரரின் மூன்று வயது மகளுக்குக் கிடைப்பது ஹாரோவில் கிடைக்காது. ஒரே நாட்டு வீசா.

9 நவம்பர்

ஒரு மாதமாக மனதில் ஓடுவதை எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

முதலில் நான் கேட்டது வீசாக்காரர்களையும் சேருங்கள் என்பது. இப்போது அது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. வேலை என்ற நிபந்தனையே சின்னக் குழந்தைகளுக்குத் தப்பு. போன வாரம் ஒரு அம்மா வந்தார். கடையில் வேலை போய்விட்டது. தகுதி போனதும் உடனே நிறுத்துவதில்லை, கொஞ்ச காலம் அவகாசம் தருவார்கள், அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் அந்த மணி நேரம் போய்விடும். அதாவது வேலை தேட, இன்டர்வியூவுக்குப் போக, அவருக்கு நேரம் மிக அதிகமாகத் தேவைப்படும் மாதத்தில் அதைப் பிடுங்குகிறோம். குழந்தையும் அப்போதுதான் பழகிய அறையை, தன் பெயர் எழுதிய கொக்கியில் கோட் மாட்டக் கற்றுக்கொண்ட இடத்தை விட்டுப் போகிறது. கணவருக்குக் குறைந்த சம்பளம், மனைவிக்கு வேலை இல்லை, ஆனால் உதவித்தொகை வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறார்கள் என்றால், மூன்று வயது வரை அந்த வீட்டுக் குழந்தைக்கு ஒன்றுமே கிடையாது. மற்றக் குழந்தைகளோடு பழக்கமும், இங்கிலீஷும் அதிகம் தேவைப்படுவது அந்தக் குழந்தைக்குத்தான்.

இதெல்லாம் புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைக்கு வேண்டும் என்றதும் இதே நாடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சரிகளைத் திறந்தது. போர் முடிந்ததும் அரசின் நிதி குறைந்தது, பெரும்பாலானவை மூடப்பட்டன. அம்மாவின் உழைப்பு தேவைப்படும்போது திறப்பது, தேவை தீர்ந்ததும் மூடுவது. குழந்தைக்கு என்ன தேவை என்று ஆரம்பித்திருந்தால் அப்படி மூடியிருக்க முடியாது.

2025-26-ல் இந்த மணி நேரங்களுக்கு அரசு 800 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கிறது. அவ்வளவு பணம் போடுகிறவர்கள் அதன் முதல் 15 மணி நேரத்தை இரண்டு வயதில் இருந்து எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கட்டும், யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும். அதற்கு மேல் வேண்டியதை வேலையோடு இணைத்துக்கொள்ளட்டும். மூன்று வயதுக்கான தொகையை ஏற்றட்டும். ஒரு லட்ச வரம்பை வீட்டு வருமானத்துக்கு மாற்றினாலே கொஞ்சம் பணம் வரும். தொடக்கப் பள்ளிகளில் காலியான வகுப்பறைகளில் 3,000 நர்சரி திறக்கும் திட்டம் ஓடுகிறது, நல்லதுதான், ஆனால் ஆள் இல்லாமல் அறையை மட்டும் வைத்து என்ன செய்வது? எங்கள் நர்சரியில் ஒரு நல்ல பெண் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அங்கே சம்பளம் அதிகம், யாரும் கடிப்பதில்லை என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் அறையில் இருந்த குழந்தைகள் இன்னும் அவள் பெயரைச் சொல்லித் தேடுகின்றன.

10 நவம்பர்

நேற்று எழுதியதற்கு வந்த எதிர்ப்பில் ஒன்று நியாயமானது. "எல்லாருக்கும் கொடுத்தால் இடம் போதாது, வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டி வரும்." உண்மை. கைக்குழந்தை அறையில் இப்போதே எங்களிடம் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அதனால்தான் இரண்டு வயதில் ஆரம்பிக்கச் சொன்னேன், ஒன்பது மாதத்தில் எல்லாருக்கும் என்று சொல்லவில்லை. வரிசை வரும் என்பதற்காக ஒரு பகுதிக் குழந்தைகளை வரிசையிலேயே சேர்க்காமல் விடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

6 டிசம்பர்

ஜனவரி டெர்முக்குக் கோட் எடுக்க டிசம்பர் 31 கடைசி நாள். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஏதாவது ஆவணம் கேட்டு விண்ணப்பம் நின்றுவிட்டால் போனில் ஆளைப் பிடிப்பது கஷ்டம், இந்த வாரமே முடித்துவிடுங்கள். ஏற்கெனவே கோட் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுதிப்படுத்த வேண்டும். வரித் துறை (எச்.எம்.ஆர்.சி.) அனுப்பும் நினைவூட்டல் ஸ்பாமுக்குப் போய்விடுகிறது, காலண்டரில் நீங்களே குறித்துவையுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தேதியைக் கவனியுங்கள். ஒன்பது மாதம் முடிந்த அன்றே தொடங்காது, அதற்கு அடுத்த டெர்மில்தான். 2024 ஜூலை 2-ல் பிறந்த குழந்தைக்கு இந்த ஏப்ரல் 2-ல் ஒன்பது மாதம், ஆனால் மணி நேரம் தொடங்கியது செப்டம்பரில். மகப்பேறுச் சம்பளம் 39 வாரத்தில் நின்றுவிடும், 52 வார லீவும் ஜூலையில் முடிந்துவிடும். நடுவில் இரண்டு மாதம் முழுக்கட்டணம் கட்டியிருப்பார்கள். மூன்று நாள் முன்னால் பிறந்திருந்தால் ஏப்ரலிலேயே கிடைத்திருக்கும். பிறக்கும் தேதியை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் லீவைப் போடும் முன்னால் இந்தக் கணக்கைப் போட முடியும். லீவில் இருந்து திரும்பும் அம்மாக்கள் ஜனவரி டெர்ம் என்றால் ஜனவரி 31-க்குள், ஏப்ரல் என்றால் 30-க்குள், செப்டம்பர் என்றால் 30-க்குள் வேலையில் சேர்ந்துவிட வேண்டும், ஆபீசில் தேதி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் அந்தக் கேர் ஹோம் வேலைக்காரப் பெண்ணின் குழந்தை என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அடுத்த வருடம் மூன்று வயது ஆகாது, அதனால் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. உங்கள் எம்.பி.க்கு எழுதுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுதுங்கள்: அரசு நிதி கிடையாது என்ற நிபந்தனையில் இருந்து குழந்தைப் பராமரிப்பை ஏன் எடுக்க முடியாது? நான் என் எம்.பி.க்கு அனுப்பிவிட்டேன். வரும் பதிலை இங்கேயே போடுகிறேன்.